முக்குளிச்சிட்டு வந்த அன்னைக்கே தண்ணி போடலாமா?

சமாதானபுரம்_34

எல்லாருக்கும் வணக்கம். வர்ற சனிக்கிழமை நாங்க அஞ்சு பேரு கோவளம் போறோம். கேரளாக் கோவளம். மெட்ராஸ் பக்கத்துல இருக்கிறவுக குழம்பிக்கிட வேண்டாம். ரெண்டு வருசத்துக்கு முந்தி அந்தமான்ல ஸ்கூபா கோர்ஸ் (காத்து சிலிண்டரை முதுகுல மாட்டிக்கிட்டுக் கடலுக்குள்ள முங்குறது) முடிச்சு ஆளுக்கொரு கார்டு வாங்குனோம். அதுக்கப்புறம் கடல்ல இறங்க நேரமே வாய்க்கல.

சனிக்கிழமை காலைல ஒன்பது மணிக்கு ஒரு டைவ், பதினொன்றரைக்கு இன்னொண்ணு. ரெண்டும் 12 மீட்டர்ல இருந்து 15 மீட்டர்னு போன்ல சொன்னாங்க. மதியம் மீன் சாப்பாடு, ராத்திரி ரூம்ல கச்சேரி. ஒரு ஃபுல்லு இப்பவே வாங்கி வச்சாச்சு, பத்தாததுக்கு அங்கன பீர். ஞாயித்துக்கிழமை விடியக்காலம் வேன் எடுத்து நாகர்கோவில், வள்ளியூர் வழியா மணிமுத்தாறு வந்து மாஞ்சோலை ஏறுறோம். வனத்துறை அனுமதிக்குச் சொல்லி வச்சிருக்கு. ஒருத்தன் மட்டும் மலைக்கு வரல, ஞாயிறு ராத்திரி திருவனந்தபுரத்துல பெங்களூர் பிளேன் ஏறுதான்.

அந்தமான்ல சொல்லிக்கொடுத்தவரு "டைவ் முடிஞ்ச அன்னைக்குக் குடிக்காதீங்க"ன்னு ஒரு வரி சொன்னாரு. காரணம் சொல்லல. காரணம் சொல்லாட்டி நம்ம பயலுவ கேப்பானுவளா? எங்க கூட்டத்துல ஒருத்தன் மெக்கானிக்கல் இன்ஜினியரு. அவன் சொல்லுதான்: சரக்கு உள்ள போனா ரத்தம் சூடாகி வேகமா ஓடும், உடம்புல தங்குன நைட்ரஜன் இன்னும் சீக்கிரமா வெளிய போயிரும், அதனால நல்லதுதான்னு. கேக்க நியாயமாத்தான் இருக்கு. எனக்குத்தான் மனசு ஒப்பல.

வெறும் ரெண்டு பீர்னா பரவாயில்லையா? எத்தனை மணி நேரம் விடணும்? தெரிஞ்சவுக சொல்லுங்க.

குறுக்குத்துறைக்காரன்

தண்ணிக்குள்ள போனா மூச்சு முட்டும், தண்ணி உள்ள போனா பேச்சு முட்டும். ரெண்டையும் ஒரே நாள்ல வச்சா வீட்டுக்காரம்மாகிட்ட எப்படிவே பதில் சொல்லுவீரு?

வள்ளியூர்_ரைடர்

சும்மா பயமுறுத்துவாங்க ப்ரோ. நான் கோவாவுல ஒரு தடவை, அந்தமான்ல ரெண்டு தடவை டைவ் முடிச்சு அன்னைக்கே குடிச்சிருக்கேன். ஒண்ணும் ஆகல. நிறைய தண்ணி குடிச்சிக்கோங்க, அவ்வளவுதான்.

பழைய_குளியாள்

தம்பி, நான் எழுதுறது நீளும். பொறுத்துப் படிங்க. கடைல இப்ப கூட்டமில்ல.

எனக்குச் சொந்த ஊரு தூத்துக்குடி திரேஸ்புரம். 1986ல தனி மாவட்டமாப் பிரிச்சாங்க, அதுவரைக்கும் நாங்களும் திருநெல்வேலி மாவட்டந்தான். இப்ப டவுன்ல வாகையடி முக்குப் பக்கம் சின்னதா ஒரு கடை போட்டிருக்கேன். எங்க அப்பா மூச்சடக்கிச் சங்கு குளிச்சவரு. 1961ல அரசாங்கம் நடத்துன முத்துக்குளிப்பு இருக்கே, அதுதான் தூத்துக்குடிக்குக் கடைசி, அதுல முத்துச்சிப்பி கிடக்கிற கடலடிப் பார்ல இறங்குனவரு. நான் கம்ப்ரசர் காலத்து ஆளு. வல்லத்துல ஒரு இன்ஜின், டயருக்குக் காத்தடிக்கிற மாதிரி ஒரு கம்ப்ரசர், அதுல இருந்து நீளமா ஒரு ஓஸ். ஓஸ் முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டு இறங்குவோம். கால்ல துடுப்புக்குப் பதிலா அலுமினியத் தகடு. ஆழத்தைப் பாகத்துலதான் சொல்லுவோம். பத்து பாகம்னா உங்க கணக்குல 18 மீட்டர். கைல கடிகாரம் கிடையாது.

அப்பாவுக்குக் கடிகாரம் தேவைப்படல. அவருக்கு மூச்சே கடிகாரம். ஒரு நிமிசம், மிஞ்சிப் போனா கொஞ்சம் கூட, அதுக்குள்ள மேல வந்தாகணும். எனக்கு ஓஸ் இருக்கு. முக்கால் மணி நேரம் கீழ நின்னு சங்கு பொறுக்குவேன், ஏறி ஒரு பீடி குடிப்பேன், திரும்ப இறங்குவேன். அப்பாவை அண்டாத நோவு எனக்கு வந்தது அந்த ஓஸ் வழியாத்தான்.

உங்க இன்ஜினியருக்கு முதல்ல பதில் சொல்லுதேன். நாம விடுற மூச்சுல அஞ்சுல நாலு பங்கு நைட்ரஜன். கரையில அது உள்ள வரும், போகும், நமக்கு ஒண்ணும் தெரியாது. பத்து மீட்டர் கீழ போனா அழுத்தம் ரெண்டு மடங்கு, இருபது மீட்டர்ல மூணு மடங்கு. அந்த அழுத்தத்துல மூச்சு விட விட நைட்ரஜன் ரத்தத்துலயும் சதையிலயும் கொழுப்புலயும் போய்க் கரைஞ்சு உக்காந்துக்கிடும். எங்க கடை முன்னாடி நடக்கிறதை வச்சுச் சொல்லுதேன். ஆனித் தேரோட்டத்தன்னைக்குக் காலைல இருந்து நாலு ரதவீதிக்கும் சனம் வந்துக்கிட்டே இருக்கும். வந்து சேருறது தெரியவே தெரியாது. தேரு நிலையத்துக்கு வந்ததும் அத்தனை பேரும் ஒரே மூச்சுல கிளம்புனா சந்துக்குச் சந்து நெரிசல்தான். பைய பையக் கலைஞ்சு, டவுன் பஸ் புடிச்சு, ஜங்ஷன் போய்ச் சேந்தா ஒருத்தருக்கும் காயமில்ல. நைட்ரஜன்தான் அந்தக் கூட்டம். ரத்தம் டவுன் பஸ். ஜங்ஷன்தான் நுரையீரல், அங்க போய்த்தான் வெளிய ஏறணும். விறுவிறுன்னு மேல வந்தா, கரைஞ்சது கரைஞ்சபடி இருக்க முடியாம ரத்தத்துலயும் சதையிலயும் குமிழியாயிரும். மூட்டுல நின்னா வலி, தண்டுவடத்துல நின்னா கால் விளங்காது.

இப்ப சரக்கு என்ன பண்ணும்? பஸ்ஸைக் குறைக்கும். குடிச்சவன் அடிக்கடி எந்திரிச்சுப் போறதைப் பாத்திருப்பிய. மூத்திரத்தைக் கட்டுப்படுத்துற சுரப்பு ஒண்ணு மூளையில இருந்து வரும், சாராயம் அதை அமுக்கிரும். முக்குளிச்சவன் அதுக்கு முந்தியே வறண்டு போயித்தான் கரையேறி இருப்பான். கடலுக்குள்ள இருக்கும்போது கை கால் ரத்தமெல்லாம் நெஞ்சுக்கு ஏறும், உடம்பு 'தண்ணி சாஸ்தி'ன்னு ஏமாந்து மூத்திரமாத் தள்ளும். சிலிண்டர் காத்து ஈரமே இல்லாத காத்து, மூச்சு வழியா ஒரு பங்கு போகும். படகுல வெயிலு வேற. அப்படி வத்துன உடம்புல பீரை ஊத்துனா ரத்தம் இன்னும் கெட்டிப்படும், கூட்டத்தை ஏத்திப்போக வண்டி இருக்காது. சூடாகுறது என்னன்னா தோலுக்குப் போற குழாய் விரியுது, அதனால மொகம் செவக்குது. தோலுல ரத்தம் சாஸ்தி ஓடுனா முட்டிக்குள்ளயும் முதுகுத்தண்டுலயும் இருக்கிற நைட்ரஜன் எப்படிவே வெளிய வரும்?

இது கணக்கு. என் கதை வேற.

1997, மாசி மாசம். எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு. அன்னைக்கு அஞ்சு தடவை இறங்குனேன், எல்லாம் பத்து பதினோரு பாகம். அஞ்சாவது தடவை கீழ நிக்கும்போது ஓஸ்ல காத்து கொறஞ்சுது. மேல இன்ஜின் திக்குதுன்னு தெரிஞ்சு போச்சு. சங்குப் பையைக் கூட விட்டுட்டு ஒரே உந்தா ஏறிட்டேன். கரைக்கு வந்து சங்கை எண்ணிக் குடுத்துட்டு உக்காரும்போதே வலது தோள்பட்டை குடைஞ்சுது. அமுக்கிப் பாத்தா வலி கூடல, குறையல. உள்ளுக்குள்ள எலும்புல யாரோ திருகுற மாதிரி. எங்கள்ல எல்லாருக்கும் அந்த வலி பழக்கம். அதுக்கு மருந்தும் பழக்கம். மூணு பேரு சேந்து ஒரு ஆஃப் பிராந்தி, ரெண்டு பீரு, வறுத்த சீலா மீனு. உண்மையச் சொன்னா சந்தோசத்துக்குக் குடிக்கல, வலிக்குத்தான் குடிச்சோம். ரெண்டாவது கிளாஸ்ல வலி கரைஞ்சு போச்சு. நாங்களும் அதைக் குணமாயிட்டுதுன்னு நெனச்சோம்.

ராத்திரி மூணு மணிக்கு முழிப்பு வந்துது. அடிவயிறு கல்லு மாதிரி. எந்திரிச்சுச் சொவத்தோரம் போய் நிக்கேன், மூத்திரம் வரல. பீர் குடிச்சவனுக்கு மூத்திரம் வரலைன்னா அதுலயே புத்தி வந்திருக்கணும். முக்கிப் பாக்கேன், சொட்டு வரல. திரும்பி நடக்கும்போது கூட இருந்தவன் சிரிக்கான்: "ஏலே, ஒத்தச் செருப்போட எங்கலே போயிட்டு வாற?" குனிஞ்சு பாத்தா இடது கால்ல செருப்பில்ல. வழியில எங்கயோ கழண்டு விழுந்திருக்கு. எனக்குத் தெரியல. மணல்லயும் கல்லுலயும் வெறுங்காலா மிதிச்சு வந்திருக்கேன், அதுவும் தெரியல. "மட்டையாயிட்டான், படுக்கப் போடுங்கலே"ன்னு சொல்லிப் படுக்க வச்சுட்டானுவ. நானும் அப்படித்தான் நெனச்சேன் தம்பி. போதைன்னுதான் நெனச்சேன்.

காலைல ஒரு வைத்தியர்கிட்ட தூக்கிட்டுப் போனாவ. ஊரும் வேண்டாம் பேரும் வேண்டாம். கிட்ட வந்ததும் மூக்கைப் பொத்திக்கிட்டாரு. "ராத்திரி எவ்வளவு போட்டே?"ன்னு கேட்டாரு. கடல்ல எவ்வளவு நேரம் இருந்தேன்னு கேக்கல, நாங்களும் சொல்லல. வாயுப்பிடிப்புன்னு ஒரு ஊசி, வலிக்கு ஒரு ஊசி. அவர் சொன்னதுல பாதி சரிதான். வாயுதான். வயித்து வாயு இல்ல, அவ்வளவுதான்.

ரெண்டு நாள் போச்சு. துறைமுகத்துல கப்பலடி வேலை பாத்த பெரியவர் ஒருத்தர் எட்டிப் பாக்க வந்தவரு, என் காலைக் கிள்ளிப் பாத்துட்டு, வண்டியப் புடிங்கன்னு கத்துனாரு. வேற ஊருக்குக் கொண்டுபோய் இரும்பு அறைக்குள்ள படுக்க வச்சு, 18 மீட்டர் ஆழத்துல இருக்கிற அழுத்தத்தை ஏத்தி, ஆக்சிஜன் மூச்சு விட வச்சு, கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரம். ஒரு நாள் இல்ல, பல நாள் உள்ள போயிட்டு வந்தேன். மூத்திரத்துக்கு மூணு வாரம் குழாய். கால் வந்துது. முழுசா வரல. இன்னைக்கும் பஸ் ஸ்டாண்டுல வேகமா நடந்தா இடது கால் செருப்பு கழண்டுரும். வார் வச்ச செருப்புத்தான் போடுதேன்.

குமிழி வந்தது பிராந்தியால இல்ல. அஞ்சு தடவை இறங்குனதாலயும் கடைசில ஓடி ஏறுனதாலயும் வந்துது. பிராந்தி பண்ணுன காரியம், சாட்சியைக் கலைச்சிருச்சு. தலை சுத்தல், வாந்தி, தள்ளாட்டம், கால் மரப்பு, அசதி, எல்லாமே இந்த நோவுக்கும் உண்டு, போதைக்கும் உண்டு. எது எதுன்னு நோவுக்காரனுக்கும் தெரியாது, கூட இருக்கிறவனுக்கும் தெரியாது, ஏன்னா அவனும் குடிச்சிருக்கான். அன்னைக்கு எனக்கு வாடை இல்லாம இருந்திருந்தா மூணு மணிக்கே தூக்கியிருப்பானுவ.

வள்ளியூர்த் தம்பி, ஒண்ணும் ஆகலன்னு சொன்னீரு. நல்லது, நல்லா இரும். நாங்குநேரி டோல்கேட் வரைக்கும் ஹெல்மெட் இல்லாமப் போய்ட்டு வந்தவுக ஆயிரம் பேரு இருக்காவ.

மாஞ்சோலையைப் பத்திச் சொல்ல மறந்துட்டேன். சரக்கை விட எனக்கு அதுதான் பயம். மாஞ்சோலை ஏறக்குறைய ஆயிரம் மீட்டர், அதுக்கு மேல நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி இன்னும் உசரம். உசரம் ஏற ஏற வெளிய அழுத்தம் கொறையும். கடல்ல இருந்து பைய ஏறி வந்த ஆளு, மலையேறும்போது இன்னொரு தடவை மேல ஏறுறான்னு வச்சுக்கிடுங்க. உடம்புக்குப் பிளேன் ஏறுறதும் மலை ஏறுறதும் ஒண்ணுதான்.

வார்டு_சிஸ்டர்_பாளை

அண்ணாச்சி எழுதுனதைப் படிச்சிட்டு டீ ஆறிப்போச்சு. நான் அவசரப் பிரிவுல பல வருசம் வேலை பாத்தவ. ரெண்டு மூணு விசயம் சேத்துச் சொல்றேன்.

எத்தனை மணி நேரம்னு கேட்டீங்க தம்பி. இந்த நோய்க்குறி பெரும்பாலும் மேல வந்த ஆறு மணி நேரத்துக்குள்ள தலை காட்டிரும். கிட்டத்தட்ட எல்லாமே 24 மணி நேரத்துக்குள்ள. நீங்க சொல்ற ராத்திரிக் கச்சேரி சரியா அந்த நேரத்துக்குள்ளதான் வருது. நாம தெளிவா இருந்து நம்ம உடம்பைக் கவனிக்க வேண்டிய ராத்திரி அது. ரெண்டு பீரா நாலு பீராங்கிற கணக்கை விடுங்க, அன்னைக்கு ராத்திரி வேண்டாம். பயலுவளுக்குக் காரணம் வேணும்னா இதையே சொல்லுங்க. உடம்புல தண்ணி வத்திப்போனா இந்த நோய் எவ்வளவு மோசமாகும்னு பன்றிகளை வச்சு ஆய்வு பண்ணி 2006ல வெளியிட்டாங்க. தண்ணி வத்துன பன்றிகளுக்குத்தான் கடுமையான பாதிப்பு அதிகமா வந்துச்சு.

பிளேன் பத்தி: டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்னு முக்குளிப்பவங்களுக்கான அமைப்பு சொல்ற கணக்கு, ஒரே ஒரு டைவ்னா 12 மணி நேரம், ஒண்ணுக்கு மேல போனா 18 மணி நேரம் கழிச்சுத்தான் பறக்கணும். இது குறைஞ்சபட்சம். அந்தக் கணக்கு 600 மீட்டர் உயரத்துல இருந்தே ஆரம்பிக்குது, அதனால மாஞ்சோலைக்கும் அதையே வச்சுக்கோங்க. சனிக்கிழமை பன்னிரண்டரைக்குக் கரை ஏறினா, ஞாயிறு காலைல ஆறரைக்கு முந்தி மலையில கால் வைக்கக் கூடாது. நீங்க விடியக்காலம் கிளம்பி மணிமுத்தாறு வர்றதுக்குள்ள அது தாண்டிரும், ஆனா மயிரிழையிலதான் தாண்டும். ராத்திரி குடிச்சு வத்தின உடம்போட அந்த மயிரிழையை நம்ப வேண்டாம்.

அப்புறம் யாருக்காச்சும் தோள்பட்டை, முழங்கை, முட்டி வலி வந்தா, தோலுல சிலந்தி வலை மாதிரி நீலமும் சிவப்புமாத் திட்டு வந்தா, கை கால் மரத்தா, மூத்திரம் வரலைன்னா, ஆஸ்பத்திரி வாசல்ல வாய் திறந்ததும் முதல் வார்த்தை "கடல்ல முக்குளிச்சேன்"னு இருக்கட்டும். எத்தனை மணிக்கு, எத்தனை மீட்டர், எத்தனை தடவைன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. கையில டைவ் கம்ப்யூட்டர் (ஆழத்தையும் நேரத்தையும் பதியுற கைக்கடிகாரம் மாதிரிக் கருவி) இருந்தா அதையும் கொண்டு வாங்க. இதைச் சொல்லாட்டி நாங்க ஈசிஜி எடுப்போம், சர்க்கரை பாப்போம், எல்லாம் சரியா இருக்கும், உங்களை வீட்டுக்கு அனுப்பிருவோம். குடிச்சிருந்தா அதையும் மறைக்காதீங்க, நாங்க கண்டுபிடிச்சிருவோம்.

ஆஸ்பத்திரி வர்ற வரைக்கும் படுக்க வச்சு முழு ஆக்சிஜன் மாஸ்க்குல குடுக்கணும். டைவிங் கூட்டிட்டுப் போறவங்க படகுல ஆக்சிஜன் சிலிண்டர் இருக்கான்னு பணம் கட்டுறதுக்கு முந்தி கேளுங்க. வாந்தி வந்தா ஒருக்களிச்சுப் படுக்க வைங்க. நெனவோட இருந்தா தண்ணி குடுக்கலாம். வலி மாத்திரை போட்டு வலி போயிட்டதேன்னு தூங்கப் போயிரக் கூடாது, வெந்நீர்க் குளியலும் வேண்டாம். சூடு பட்டாக் கரைஞ்சிருக்கிற வாயு வெளிய குமிழியாக் கிளம்பும். ஆக்சிஜன் வச்சதும் வலி போயிட்டாலும் டாக்டரைப் பாத்தே தீரணும்.

இன்னொண்ணு, ஊருக்கு ஊரு இப்ப ஆக்சிஜன் அறைன்னு போர்டு போடுறாங்க. துணிப்பை மாதிரி ஊதுற அறைகள்ல 1.3 மடங்கு அழுத்தத்துக்கு மேல ஏறாது. இந்த நோய்க்கு 2.8 மடங்கு வேணும். போன் பண்ணி "முக்குளிப்பு நோய்க்குச் சிகிச்சை உண்டா"ன்னு கேட்டுட்டுத்தான் வண்டியை எடுக்கணும். கொண்டுபோற வழியும் மலைப்பாதையா இருக்கக் கூடாது. நம்ம பக்கத்துல இருந்து கேரளாவுக்குன்னா ஆரல்வாய்மொழிக் கணவாய் தாழ்ந்த வழி. குமுளி ஏறிராதீங்க.

அண்ணாச்சி, ஒண்ணு கேக்கணும். வலி வந்தா மறுபடி கடல்ல இறங்குற பழக்கம் உங்க பக்கம் உண்டுன்னு கேள்விப்பட்டேன். நெசமா?

பழைய_குளியாள்

நெசந்தான் சிஸ்டர். வலியோட திரும்ப இறங்குனா அஞ்சாறு பாகத்துலயே வலி மாயமாப் போயிரும். அழுத்தத்துல குமிழி சுருங்குதுல்லா. 'கடல் குடுத்த வலியைக் கடலே எடுக்கும்'னு எங்க பக்கம் சொல்லுவாவ. ஆனா கீழ இருக்கும்போது இன்னும் நைட்ரஜன் ஏறுது, எப்பவும் கீழயே இருக்க முடியுமா? மேல வந்ததும் முன்னைவிட மோசம். அப்படி இறங்குனவுகள்ல ஒருத்தர் படுத்த படுக்கையாயிட்டாரு. யாரும் அதைச் செய்ய வேண்டாம்.

ஓய்வுபெற்ற_ஓவர்சியர்

பாலம் கட்டுற ஆட்களுக்குத்தான் இந்த நோய் முதல்ல பெருசாத் தெரிஞ்சுது. ஆத்தடியில அஸ்திவாரம் தோண்ட, தண்ணி உள்ள வராம அழுத்தக் காத்து அடைச்ச பெட்டிக்குள்ள ஆளுகளை இறக்குவாங்க. அதுக்குக் கெய்சன்னு பேரு, நோய்க்கும் அந்தப் பேரையே வச்சாங்க. நியூயார்க்குல புரூக்ளின் பாலம் கட்டும்போது 1872ல தலைமைப் பொறியாளர் ரோப்ளிங்குக்கே வந்து, மீதி வேலையை அவர் மனைவி எமிலி முன்ன நின்னு பாத்தாங்க. பாலம் 1883ல திறந்தாங்க. 1908லதான் ஹால்டேன்கிறவர் ஆடுகளை அழுத்த அறையில விட்டுப் பாத்து, நின்னு நின்னு ஏறணும்னு அட்டவணை போட்டாரு. நம்ம சுலோச்சன முதலியார் பாலம் 1843லயே திறந்தாச்சு. தாமிரபரணிக்கு அந்த வம்பெல்லாம் தேவைப்படல. சம்பந்தமில்லாமப் பேசுறேன்னா மன்னிக்கணும்.

சமாதானபுரம்_34

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அண்ணாச்சி எழுதுனதை அப்படியே எங்க குரூப்புல போட்டேன். ஒத்தச் செருப்பு வந்த இடத்துல எல்லாரும் கம்முன்னு ஆயிட்டானுவ. இன்ஜினியர் "சரி, விடு"ன்னு மட்டும் சொன்னான்.

இப்ப பிளானைத் தலைகீழாப் புரட்டிட்டோம். சனிக்கிழமை மாஞ்சோலை போயிட்டு சாயங்காலம் இறங்கிருவோம். ராத்திரி ஃபுல்லை முடிச்சிட்டு, ஞாயித்துக்கிழமை காலைல கோவளம் போய் டைவ். மலை முதல்ல, கடல் பின்னால. இப்ப சரிதானே?

பழைய_குளியாள்

மலை முதல்ல கடல் பின்னாலங்கிறது நூத்துக்கு நூறு சரி. நடுவுல ஒரு ஃபுல்லை வச்சிருக்கியளே, அதை என்ன பண்ண? முந்தின நாள் குடிச்ச வறட்சியோட கடல்ல இறங்குறதும் அதே வினைதான். ராத்திரி போட்டுட்டு, தூக்கமும் இல்லாம மூணு மணி நேரம் வேன்ல குலுங்கிப் போய், ரெண்டு வருசமா இறங்காத ஆளு இறங்குறான். தண்ணிக்குள்ள வாந்தி வந்தா என்ன செய்விய? மலைக்குப் பாட்டிலோட போனா செக்போஸ்ட்டுல பிடிப்பாவ, அது தனி.

மலையை விட்டு இறங்குனதும் நேரே கோவளம் போய்த் தூங்குங்க. காலைல நீராகாரமோ உப்புப் போட்ட மோரோ வயித்துக்கு ஒத்துக்கிட்டதைக் குடிங்க. பதநீர் கிடைச்சாலும் நல்லது, பதநீர்னு சொல்லிக் கள்ளை இறக்கிராதிய. மூத்திரம் வெளுத்துப் போகணும், அதுதான் கணக்கு. முதல் டைவ் ஆழமா, ரெண்டாவது ஆழங்கொறஞ்சதா வச்சுக்கிடுங்க. மேல வரும்போது நிமிசத்துக்கு ஒன்பது மீட்டருக்கு மிஞ்சாம ஏறுங்க, அஞ்சு மீட்டர்ல மூணு நிமிசம் நில்லுங்க. எங்க ஊர்ப் பேச்சுல ஒரே சொல்லு: பைய.

அப்புறம் அந்தப் பெங்களூர்த் தம்பி. ஞாயிறு மதியம் கரை ஏறுனா ஞாயிறு ராத்திரி பிளேன் ஏறக் கூடாது. சிஸ்டர் சொன்ன 18 மணி நேரம். டிக்கெட்டை மாத்தச் சொல்லுங்க.

சமாதானபுரம்_34

அய்யோ, அவனை மறந்தே போயிட்டேன். போன் பண்ணேன். திங்கக்கிழமை பத்து மணி பிளேனுக்கு மாத்திட்டான், ரெண்டாயிரத்துச் சொச்சம் தெண்டம். என்னைத்தான் திட்டுதான். படகுல ஆக்சிஜன் இருக்கான்னும் கேட்டாச்சு, இருக்குன்னாங்க. போட்டோ அனுப்பச் சொல்லியிருக்கேன்.

ஆக சனிக்கிழமை கிடையாது, ஞாயித்துக்கிழமை கிடையாது. அப்போ எப்பத்தான் அண்ணாச்சி குடிக்க?

வார்டு_சிஸ்டர்_பாளை

திங்கக்கிழமை ராத்திரி. செவ்வாய்க்கிழமை ஆபீசுக்கு நீங்களே பதில் சொல்லிக்கோங்க.

சமாதானபுரம்_34

திங்கக்கிழமை எல்லாரும் ஆளுக்கொரு ஊர்ல இருப்போம் சிஸ்டர். பாட்டிலு எங்க வீட்டு அரிசிப் பானைக்குள்ள இருக்கு. வெள்ளிக்கிழமை மாமியார் வாராவ, அவிய முதல்ல கை வைக்கிறதே அந்தப் பானையிலதான்.

குறுக்குத்துறைக்காரன்

நான் பொறந்ததுல இருந்து குறுக்குத்துறையில முங்குனதோட சரி. அங்க இடுப்பளவு தண்ணிதான். எனக்கு நைட்ரஜனும் இல்ல, மாமியாரும் இல்ல. வியாழக்கிழமை சாயங்காலம் சமாதானபுரம் பக்கமாத்தான் வாரேன். பையில நல்லாச் சுத்திக் குடும்.